இரவில் சொட்டிய கீசர்

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஏழு ஆண்டுகளாக ஒரு குறையும் வைக்காமல் வேலை செய்துவந்த 50 லீற்றர் கீசர், தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் சொட்டத் தொடங்கியது. விடியற்காலை குளிக்கப் போன மகள், "அப்பா, கீசருக்குக் கீழே ஒரே தண்ணி" என்று கூப்பிட்டபோது, இரவில் யாரோ குளித்துவிட்டுத் தரையை அப்படியே விட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் விடியும்போது அதே இடத்தில் அதே அளவு தண்ணீர் நின்றது.

நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே. தை மாதத்தில் இரவு வானம் முகில் இல்லாமல் தெளிந்திருந்தால், விடியும்போது தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் அந்தக் கொழுந்துகள் கருகிவிடும். அப்படிப்பட்ட காலையில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாலே விரல்கள் விறைத்துப்போகும். விறகடுப்பில் பானை வைத்துச் சுடுதண்ணீர் போடும் பழக்கம் எங்கள் வீட்டில் நின்றுபோய் நெடுநாளாகிவிட்டது என்பதால், கீசரைக் கழற்றி வைத்துவிட்டு ஆறுதலாக யோசிப்போம் என்று இருக்க முடியவில்லை.

முதலில் நகரத்திலிருந்து பழுதுபார்ப்பவர் ஒருவரை வரவழைத்தோம். கீசரின் அடிமூடியிலிருந்து சொட்டு விழுவதை அவர் நின்றபடியே பார்த்தார். மூடியைக் கழற்றவில்லை. "உள்டாங்கி உக்கிப்போச்சு சேர், புதுசு ஒண்டு வாங்கிறதுதான் சரி, அதுவரைக்கும் சூட்டை நாற்பத்தஞ்சுக்கு இறக்கி வையுங்க, சொட்டுறது குறையும்" என்று சொல்லிவிட்டு, வந்து போன செலவை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வீட்டுக்குள் அவர் நின்றது பத்து நிமிடத்துக்கும் குறைவு.

அவர் சொன்னது நடக்கக்கூடாத ஒன்றல்ல. கீசரின் உள்ளே இருப்பது உருக்குத் தொட்டி. அதன் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் வெடிப்பு விழுந்தால் உருக்குத் துருப்பிடித்து ஓட்டையாகும், அதை ஒட்டவோ அடைக்கவோ வழியில்லை, முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அப்படிக் கசியும் தண்ணீர் தொட்டியைச் சுற்றியுள்ள நுரைக்காப்பை நனைத்துக்கொண்டு, பெரும்பாலும் துருவின் செந்நிறத்தோடு வரும். இரவு பகல் பார்த்து வராது. எங்கள் தரையில் நின்றதோ பீலித் தண்ணீரைப் போலத் தெளிந்த தண்ணீர். சூட்டை 45 பாகைக்கு இறக்கச் சொன்ன யோசனையையும் நான் ஏற்கவில்லை. லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 20 முதல் 45 பாகை வரையான வெதுவெதுப்பில் பெருகுவது. சேமித்து வைக்கும் சுடுதண்ணீரை 60 பாகையில் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

சனிக்கிழமை காலை நானே இறங்கினேன். குளியலறைக்கு வெளியே உள்ள கீசர் சுவிட்சை அணைத்து, அதோடு நிறுத்தாமல் மின்பெட்டியில் அதற்குரிய பிரேக்கரையும் கீழே தள்ளிவிட்டேன். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற துணிவில் சிலர் சுவிட்சைக்கூட அணைக்காமல் ஈரக் கையோடு மூடியைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். 30 மில்லி அம்பியர் மின்னொழுக்கில் விழ வேண்டிய அந்தச் சுவிட்ச், அதன் சோதனைப் பொத்தானை யாரும் ஆண்டுக்கணக்கில் அழுத்தாமல் விட்டிருந்தால் விழாமலும் போகலாம். அடிமூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே கை வைத்தேன்.

மூடிக்குள், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் பொருத்தியிருக்கும் வட்டத் தட்டும், அதன் இறப்பர் வளையமும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் காய்ந்து கிடந்தன. மூடியின் விளிம்பில் மட்டும் ஈரம். துணியால் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்துவிட்டு, மகளின் முகப்பவுடரைக் குழாய்களின் மீதும் இணைப்புகளின் மீதும் மெல்லத் தூவி வைத்தேன். பவுடர் பூசிய இடத்தில் தண்ணீர் இறங்கினால் அது ஓடிய வழி கோடாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கோடு தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் ஏறும் குழாயில் பொருத்தியிருந்த சிறிய பித்தளை வால்வின் பக்கவாயில் ஒரு துளி திரண்டு, வளைகுழாயின் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அங்கே தொங்கிய மின்வயரில் தாவி, வயர் வழியே வந்து அடிமூடியின் விளிம்பில் நின்று சொட்டியது. கீழேயிருந்து பார்க்கிறவருக்குக் கீசரின் வயிற்றிலிருந்து விழுவதாகவே தோன்றும்.

அந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெருவிரல் பருமன், பக்கத்தில் ஒரு சிவப்பு நெம்புகோல், உடம்பில் ஓர் அம்புக்குறியும் 0.8 எம்.பி.ஏ. என்ற எழுத்தும். அது அமுக்கத்தின் அளவு; 0.8 மெகாபாஸ்கல் என்பது 8 பார். அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கீசருக்குள் போன தண்ணீரைக் குழாய்க்குத் திரும்பவிடாமல் தடுப்பது. மற்றது, தொட்டிக்குள் அமுக்கம் 8 பாரைத் தாண்டினால் திறந்து, பக்கவாயால் தண்ணீரை வெளியே விடுவது. தண்ணீர் சூடானால் விரியும். 15 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1.6 வீதம் கூடும். 50 லீற்றருக்கு அது 800 மில்லிலீற்றர். திரும்பிப் போகும் வழியை வால்வே அடைத்துவிட்டது, சுடுதண்ணீர்க் குழாயும் மூடியிருக்கிறது. அந்த 800 மில்லிலீற்றர் எங்கே போகும்? வால்வின் பக்கவாயால்தான் சொட்டிச் சொட்டி வெளியே போகும். ஆகவே தண்ணீர் சூடேறும்போது இந்த வால்வு சொட்டினால் அது பழுதே அன்று; தன் வேலையைச் செய்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

என் தந்தை வேலை பார்த்த தோட்டத்துப் பங்களாவில், குசினிக்குப் பின்னால், விறகில் எரியும் பழைய பொயிலர் ஒன்று இருந்தது. கவாத்து வெட்டிய தேயிலை மிலாறும் யூகலிப்டஸ் விறகும் போட்டுப் பின்னேரத்தில் மூட்டினால், துரை குளிக்க வரும் நேரத்துக்குக் கொதிதண்ணீர் தயாராக இருக்கும். அதன் தலையிலிருந்து ஒரு குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போய், கைத்தடியின் பிடிபோல வளைந்து நிற்கும். தீ கூடிப்போனால் அந்த வளைவிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக் கூரைத் தகரத்தில் விழும். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா ஓடிப்போய் விறகை இழுத்துப் போடுவார். வானத்துக்குத் திறந்தபடி நிற்கும் குழாய் இருந்ததால் அந்தப் பொயிலருக்குள் அமுக்கம் சேர வழியே இல்லை. இன்றைய கீசர் எல்லாப் பக்கமும் அடைத்த தொட்டி. கூரைக்கு மேலே போன அந்தக் குழாயின் வேலையைத்தான் இந்தப் பெருவிரல் வால்வு செய்கிறது.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு யோசனை மாஸ்டர்? ஒரு கொய்யாக் குச்சியைச் சீவி, திரெட் சீல் சுத்தி, அந்த வாயில அடிச்சு விடுங்க. எங்க வீட்டில அப்படித்தான் நிப்பாட்டினேன்" என்றார். எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. எங்கள் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் அடைத்த தொட்டிக்குள், 7 பார் அமுக்கத்தில், அதே தண்ணீர் 170 பாகை வரையில் கொதிக்காமலே சூடேறிக்கொண்டு போகும். தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டும் அதன் காப்பு வெட்டியும் ஒருநாள் சேர்ந்து ஒட்டிக்கொண்டால் எலிமென்டை அணைக்க எதுவும் இல்லை. வால்வின் வாயிலும் குச்சி இருந்தால் தொட்டி வெடிக்கும் வரை அமுக்கம் ஏறும். வெடித்த கணத்தில் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி நீராவியாக மாறும். நீராவி, தான் தண்ணீராக இருந்த இடத்தைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். சுவர் நிற்காது. குச்சியை உடனே கழற்றச் சொன்னேன். அவர் "பாப்பம்" என்றார்.

எங்கள் வால்வு சூடேறும்போது மட்டும் சொட்டுகிறதா, எப்போதும் சொட்டுகிறதா என்பதை அளந்து பார்க்காமல் மேலே போக முடியாது என்று தெரிந்தது. பக்கவாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, அதன் முனையை 5 லீற்றர் கேன் ஒன்றுக்குள் விட்டேன். முதல் சோதனை பகலில். குளிர்ந்த தண்ணீர் நிறைந்திருக்க, மின்சாரத்தைப் போட்டேன். எங்கள் எலிமென்ட் 1.5 கிலோவாட், 50 லீற்றரை 15 பாகையிலிருந்து 60க்கு ஏற்ற ஏறத்தாழ 2.6 அலகு மின்சாரமும் ஒன்றேமுக்கால் மணிநேரமும் வேண்டும். அந்த நேரத்தில் கேனில் சேர்ந்தது முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் சூடேறி கீசரின் விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் சொட்டும் நின்றது. கணக்குக்கு ஒத்துவந்தது.

இரண்டாவது சோதனை அன்றிரவு. ஒன்பது மணிக்கு மின்சாரத்தை முற்றாக அணைத்துவிட்டுப் படுத்தேன். இரவு முழுவதும் தொட்டித் தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும். ஆறும் தண்ணீர் சுருங்கும். ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது. தூக்கம் வராமல் ஒரு மணிக்கு எழுந்து போய்க் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், பிளாஸ்டிக் குழாயின் முனையில் சொட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தன. நிமிடத்துக்கு 120க்கு மேல் எண்ணினேன். காலை ஐந்தேமுக்காலுக்குப் போனால், கேனில் இரண்டு லீற்றருக்கு மேல் தண்ணீர். குழாய் முனையோ காய்ந்திருந்தது.

மின்சாரமே இல்லாமல் நள்ளிரவில் சொட்டி, விடிந்ததும் தானாக நின்றுவிடும் கசிவை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. வால்வுதான் கெட்டுவிட்டது என்று, அப்போது எட்டிய அறிவில், முடிவு செய்தேன். நகரத்தில் அதே அளவில் புதிய வால்வு கிடைத்தது. பொங்கலுக்கு முதல்நாள் மாலை, வீதியோர வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, சிவப்பு நெம்புகோலைத் தூக்கித் தொட்டியை வடித்தேன். பழைய வால்வைக் கழற்றிப் பிரித்தபோது, தேங்காய்ப்பூத் துகள் அளவில் ஒரு மணல் இறப்பர் இருக்கையில் பதிந்திருந்ததும், அதைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்ததும் தெரிந்தன. இதோ குற்றவாளி என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதியதை அம்புக்குறி கீசரைப் பார்க்கும்படி பூட்டி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று துப்புவது நின்று தண்ணீர் ஒழுங்காக வரும் வரையில் தொட்டியை நிரப்பி, அதன் பிறகே மின்சாரத்தைப் போட்டேன். தொட்டி நிரம்பு முன் போட்டால் எலிமென்ட் வெறும் காற்றில் எரிந்து கருகிவிடும். சூடேறி முடிந்த பிறகு அன்றிரவு ஒரு சொட்டும் விழவில்லை. பொங்கல் பொங்கியதோடு என் கைவேலையையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் இரவு கேனில் மீண்டும் ஒன்றரை லீற்றர்.

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியவர், தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் தண்ணீர்க் குழாய்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். பாடசாலைக்குப் போகும் வழியில் அவரைக் கண்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் கீசரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பொங்கலுக்கு முதல்நாள் ராத்திரி லயத்தில யாராவது தூங்கினாங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கும் என் கீசருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. "வீடு கழுவுறாங்க, பாத்திரம் தேய்க்கிறாங்க, விடிய மூணு மணிக்கே குளிக்கிறாங்க. ராத்திரி பூரா எல்லாப் பைப்பும் திறந்திருந்துச்சு. அதான் உங்க கீசர் சொட்டல. மேல இருந்து வர்ற தண்ணிய அளந்து பாருங்க" என்றார்.

அவரிடமே பழைய அமுக்கமானி ஒன்று இருந்தது. முகத்தில் 16 பார் வரை எழுதிய, கண்ணாடியில் கீறல் விழுந்த மானி. அதை வீட்டுக்கு வெளியே உள்ள குழாயில் திருகிப் பூட்டினோம். பின்னேரம் இரண்டு மணிக்கு ஐந்தரை பார். மாலை ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும்போது, நான்கு. காலை ஆறு மணிக்கு மூன்றரை. இரவு ஒரு மணிக்கு முள் 8.2இல் அசையாமல் நின்றது. 8 பாரில் திறக்கச் சொல்லிச் செய்த வால்வு, 8.2 பாரில் திறந்துகொண்டிருந்தது. பழையதும் அதைத்தான் செய்தது, புதியதும் அதைத்தான் செய்கிறது. மணல் துகளை நான் வீணாகப் பழித்துவிட்டேன்.

மலையிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரின் கணக்கு எளியது. ஒவ்வொரு 10 மீற்றர் உயர வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் குழாயின் உராய்வில் அதில் ஒரு பங்கு குறைந்துவிடும். எல்லோரும் குழாயை மூடிவிட்டுப் படுத்தால், ஓட்டம் நின்று, முழு உயரத்தின் பாரமும் கடைசிக் குழாயில் வந்து உட்காரும். நள்ளிரவில் மட்டும் சொட்டியது ஏன் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

மானியின் முள்ளைப் பார்த்த பிறகுதான், கடந்த சில மாதங்களில் வீட்டில் நடந்த சில்லறைத் தொல்லைகள் எல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல் தெரிந்தன. முற்றத்துக் குழாயின் வாஷரை இரண்டு தடவை மாற்றியிருந்தோம். மலசலகூடத் தொட்டியின் மிதவை வால்வு இரவில் சீறிக்கொண்டிருந்தது. குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டங்' என்று ஓர் இடி கேட்கும். மகள் அதற்குப் பயந்து மெதுவாக மூடப் பழகியிருந்தாள். எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது, வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் பி.வி.சி. குழாயின் மீது அச்சிட்டிருந்த 600 என்ற எண். அது கிலோபாஸ்கல் கணக்கு. 6 பாருக்குச் செய்த குழாய் என்று பொருள். அதற்குள் இரவுதோறும் 8.2 பார் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கீசர் வால்வு சொட்டியிராவிட்டால், ஒரு நாள் மண்ணுக்கடியில் குழாய் பிளந்த பிறகே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனோடு மலையேறினேன். தேயிலை மலையைக் கடந்து, காட்டோரத்தில் ஊற்றுத் தண்ணீரைச் சேர்க்கும் தலைத்தொட்டி வரை குழாய் போன பாதையிலேயே நடந்தோம். கைபேசியில் உயரம் பார்த்தால், எங்கள் வீட்டை விட ஏறத்தாழ 85 மீற்றர் மேலே. 8.2 பார் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொட்டி நேற்றுக் கட்டியதல்ல, கீசரும் ஏழு ஆண்டுகளாகச் சொட்டவில்லை. இறங்கி வரும்போது பாதிச் சரிவில் விடை கிடைத்தது. அங்கே சீமெந்தால் கட்டிய சிறிய இடைத்தொட்டி ஒன்று உண்டு. மேலிருந்து வரும் தண்ணீர் அதில் திறந்தவெளியில் விழுந்து, அமுக்கம் முழுவதையும் இழந்து, அங்கிருந்து புதிதாகப் புறப்பட வேண்டும். இத்தகைய தொட்டிகளை இடையில் வைப்பதே குழாயின் அமுக்கத்தை முறிப்பதற்காகத்தான். அந்தத் தொட்டியின் பக்கச்சுவர் மழையில் வெடித்திருந்தது. யாரோ, தண்ணீர் வீணாகாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், தொட்டியைச் சுற்றிக் குழாய் பூட்டி மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் நேராக இணைத்துவிட்டிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார், ஒன்றும் சொல்லவில்லை.

தொட்டி திருத்தப்படும் வரை காத்திருக்க முடியாது என்பதால் வீட்டளவில் இரண்டு வழிகளை யோசித்தோம். கூரைக்கு மேல் 500 லீற்றர் தாங்கி வைத்து, அதிலிருந்து கீசருக்குத் தண்ணீர் கொடுப்பது ஒன்று. கீசருக்கு மேல் மூன்று மீற்றர் உயரம் என்றால் 0.3 பார்தான், வால்வுக்கு ஒருநாளும் வேலை வராது. ஆனால் ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் விழும், எங்கள் கூரைச் சட்டங்களும் அரைத் தொன் பாரத்துக்குச் செய்தவையல்ல. மற்ற வழி அமுக்கம் குறைக்கும் வால்வு. அதையே தேர்ந்தேன். 600 என்று அச்சிட்ட குழாயையும் காக்க வேண்டும் என்பதால், அதை வீட்டுச் சுவரில் பூட்டாமல் வீதியோரத்திலேயே பூட்டினோம். முதலில் மூடும் வால்வு, அடுத்து மணலைப் பிடிக்கும் கம்பிவலை வடிகட்டி, பிறகு அமுக்கம் குறைக்கும் வால்வு, அதன் பின் மானி என்று வரிசை. எல்லாக் குழாய்களையும் மூடி, ஓட்டம் இல்லாத நிலையில், தலையிலுள்ள திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முள்ளை 3 பாரில் நிறுத்தினோம். ஓட்டம் இருக்கும்போது சரிசெய்தால் இரவில் முள் ஏறிவிடும் என்று அண்ணன் எச்சரித்தார்.

அன்றிரவு ஒரு மணிக்கு வீதியோரத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். முள் 3க்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. கேன் காய்ந்திருந்தது. பகலில் சூடேறும்போது மட்டும் பழையபடி அரை லீற்றருக்கு மேல் சொட்டுகிறது. அதை நிறுத்த நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். பிளாஸ்டிக் குழாயைச் சுவர்த் துவாரம் வழியாக வெளியே விட்டு, எங்கும் மேலே வளையாமல் சரிவாக இறக்கி, முனை கண்ணுக்குத் தெரியும்படி வடிகானுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன்.

வால்வு மாற்றக் கீசர்த் தொட்டியை வடித்த கையோடு இன்னொரு வேலையையும் முடித்திருந்தேன். எலிமென்ட் தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மக்னீசியக் கோலைப் பார்த்தேன். தொட்டி உருக்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதற்காகவே அது வைக்கப்படுகிறது. ஏழு ஆண்டுகளில் கோல் போய், நடுக்கம்பியில் சோளப்பொரி ஒட்டியதுபோல் நாலைந்து வெள்ளைக் கட்டிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. எலிமென்டோ ஏறத்தாழ புதிது போல இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில், சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில், இரண்டு ஆண்டிலேயே எலிமென்டின் மீது முட்டையோடு போலச் சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. எங்கள் மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது என்பதால் அந்தத் தொல்லை எங்களுக்கு இல்லை. கோலையும் இறப்பர் வளையத்தையும் மாற்றி, தட்டின் நான்கு நட்டுகளையும் எதிரெதிராகச் சமமாக இறுக்கினேன். டாங்கி உக்கிவிட்டது என்று சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால், நல்ல தொட்டி ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன். புதியதும் முதல் இரவிலேயே சொட்டியிருக்கும்.

இடைத்தொட்டியை மாசிக் கடைசியில் லயத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து பூசிச் சரிசெய்து, குறுக்கே போட்ட குழாயைக் கழற்றிவிட்டார்கள். அந்தத் தொட்டி எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 45 மீற்றர் மேலே. இப்போது அமுக்கம் குறைக்கும் வால்வுக்கு முன்னால் நள்ளிரவில் மானியைப் பூட்டினாலும் முள் நாலரையைத் தாண்டுவதில்லை.

பக்கத்து வீட்டுக் கொய்யாக் குச்சி மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு தடவை சொல்லியும் "பாப்பம்" என்றவரை, மூன்றாம் தடவை மானியோடு போய்ப் பார்த்தேன். மின்சாரத்தை அணைத்து, தொட்டி ஆறும் வரை இருந்து, குறட்டால் குச்சியைப் பிடித்து இழுத்ததும் தண்ணீர் பென்சில் பருமனில் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. அவருடைய வால்வில் திரும்பவிடாத் தடுப்பு தேய்ந்துபோய், விரிந்த தண்ணீர் பின்னாலே குழாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. ஈரமான சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அந்த மானியை நாளைக்கு வரைக்கும் வச்சிட்டுப் போங்க மாஸ்டர்" என்றார். அதற்குப் பிறகு அது எங்கள் வரிசையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. அண்ணனும் இதுவரை திருப்பிக் கேட்கவில்லை.